சேவலும் பேடையும்: கானகப் பறவைகளின் பால் அறிந்த வரலாறு

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில், ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு, கவிதை படித்த அன்பர் ஒருவர் மாந்தோப்பில் கூவிய குயிலை 'அவள்' என்று பாடினார். படித்து முடித்த கையோடு மற்றோர் அன்பர் எழுந்து, கூவுவது ஆண்குயில் என்றும், பெண்குயில் கரிய நிறமுடையதே அன்று, பழுப்பு மேனியில் வெண்புள்ளிகள் கொண்டது என்றும், அதன் குரல் 'கிக் கிக்' என்னும் விரைந்த ஒலி மட்டுமே என்றும் எடுத்துரைத்தார். கவிதை ஒருபுறம் கிடக்க, வழக்கு குயிலின் பாலைப் பற்றிக்கொண்டது. மரபு பெரிதா, உண்மை பெரிதா என்று இருதரப்பாகப் பிரிந்து பேசினார்கள். தேநீர் ஆறிப்போயிற்று. அன்று நான் வாய் திறக்கவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அவ்வழக்கு என்னை விடவில்லை. ஒரு பறவையைக் கண்டு இது ஆண், இது பெண் என்று மனிதன் எவ்வாறு அறிந்தான்? தோட்டத்துப் பறவையை விடுவோம். நூறடி உயர மரங்களின் இலைக்கூரைக்குள் கணநேரம் தோன்றி மறையும் மழைக்காட்டுப் பறவையை எவ்வாறு அறிந்தான்? இவ்வினாவைப் பின்தொடர்ந்து சென்றபோது ஒரு நெடிய வரலாறு விரிந்தது. அதில் பிழைகளே மிகுதி. பிழைகளே சுவையும் மிகுந்தவை.

முதலில் நம் வீட்டுச் செய்தி. தமிழில் பறவை அஃறிணை. 'குயில் கூவிற்று' என்றால் கூவியது ஆணா பெண்ணா என்பது வினைமுற்றில் தெரியாது. பால் தெரியவேண்டுமாயின் அதற்கெனத் தனிப்பெயர் வேண்டும். அந்தப் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் தொகுத்துத் தருகிறது. ஆண்பாற்குப் பதினைந்து, பெண்பாற்குப் பதின்மூன்று என எண்ணி வைத்து, எந்த உயிர்க்கு எப்பெயர் பொருந்தும் என்று வரையறை செய்கிறது. சிறகுடையனவற்றின் ஆணுக்குச் சேவல் என்னும் பெயர் உரியது; ஆனால் மயிலுக்கு ஆகாது என்று விலக்கும் அங்கேயே இருக்கிறது. பேடை, பெடை என்பன பறவைப் பெண்ணுக்கு. அளகு கோழிக்கும் கூகைக்கும் உரியது, மயிலுக்கும் பொருந்தும். போத்து என்னும் பெயரை ஆண்மயில் பெறும்.

மயிலுக்குச் சேவற்பெயர் ஏன் மறுக்கப்பட்டது? தோகையுடைமையால் பெண்சாயல் தோன்றுகிறது, ஆகவே ஆண்தன்மை அதற்கு இல்லை என்ற கருத்தில் பேராசிரியர் உரை கூறுகிறார். முருகன் ஊர்ந்த மயிலானால் மட்டும் அப்பெயரை ஒப்பலாம் என்று ஓர் இடமும் விடுகிறார். இதை வாசிக்கையில் எனக்குப் புன்முறுவல் வராமல் இராது. உலகிலேயே தன் ஆண்மையை மிக வெளிப்படையாக விரித்துக் காட்டும் பறவை அது! அழகு பெண்ணுக்கே உரியது என்ற மனிதக் கண், அழகிய ஆணைக் கண்டு தடுமாறியது. குயிலில் நேர்ந்ததும் இதுவே. இனிமை பெண்ணுக்கே உரியது என்ற செவி, பாடும் ஆணைப் பெண்ணாக்கிற்று.

எனினும் நம் சங்கப் புலவர்கள் அனைவரும் இவ்வாறு தடுமாறினர் என்று கொள்வது நன்றன்று. குறுந்தொகையின் 85ஆம் பாட்டில் வடம வண்ணக்கன் தாமோதரனார் காட்டும் ஊர்க்குருவியை நினைத்துப் பாருங்கள். சூல்கொண்ட பேடை பொறையுயிர்க்க இடம் அமைக்கும்பொருட்டுக் கரும்பின் பூவைக் கொய்கிறது சேவல். இங்கே புலவர் நிறத்தைச் சொல்லவில்லை. செயலைச் சொல்கிறார். யார் எதைச் சுமந்து யாரிடம் செல்கிறார் என்பதில் பால் வெளிப்பட்டு நிற்கிறது. ஐரோப்பிய இயற்கை நூலார் இந்த இடத்துக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது.

ஊர்க்குருவி முற்றத்தில் திரிவது. காட்டுப் பறவையின் நிலை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வானம் சில்லுச் சில்லாகத்தான் கிடைக்கும். அச்சில்லுகளுக்கிடையே குங்குமப் பூச்சிட்டுக் கூட்டம் கடக்கும்போது சில செந்தீயாகவும் சில மஞ்சளாகவும் தெரியும். சிவந்தவை ஆண், மஞ்சள் பூண்டவை பெண். குங்குமமும் மஞ்சளுமாகப் பறக்கின்ற அக்கூட்டத்திற்கு நாம் வைத்த பெயரில் குங்குமம் மட்டுமே இருக்கிறது. தீக்காக்கையும் அப்படித்தான். தலை கறுத்து, மார்பில் வெண்பட்டை தரித்து, வயிறு செக்கச் சிவந்திருப்பது ஆண். பெண்ணோ பழுப்புத் தலையும் மங்கிய மஞ்சட்பழுப்பு வயிறும் உடையது. அதனிடம் தீ ஏது? ஆணைக் கண்டு வைத்த பெயரைப் பெண்ணும் சுமக்கிறது. இலங்கையின் ஒல்லாந்து ஆளுநராக 1752 முதல் 1757 வரை இருந்த லோட்டன் என்பவர், தே பெவரே என்னும் இலங்கை ஓவியரைக் கொண்டு அத்தீவின் பறவைகளை வரையச் செய்தார். தீக்காக்கை ஐரோப்பிய நூலேறியது அந்த ஓவியங்களின் வழியேதான். 1769இல் பென்னன்ட் அதற்கு இலத்தீன் பெயரிட்டார்.

வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத பறவைகளும் காட்டில் நிரம்ப உண்டு. குக்குறுவான், துடுப்புவால் கரிச்சான், விடியற்போதில் ஓடைக்கரையில் சீழ்க்கையடிக்கும் சீகாரப் பூங்குயில் ஆகியவற்றில் ஆணும் பெண்ணும் நம் கண்ணுக்கு ஒன்றே. இன்னொரு சிக்கல் அரசவால் ஈப்பிடிப்பான். முதிர்ந்த ஆண் வெள்ளுடல், கருந்தலை, நாடா போன்ற நீள்வால் என்று ஒளிரும். ஆனால் இளம் ஆண் செம்பழுப்பு நிறத்தில், குறுகிய வாலுடன், பெண்ணைப் போலவே தோன்றும். பெண் என்று குறித்துக்கொண்ட பறவை ஆண்டுகள் சென்றபின் வெண்ணிற ஆணாக வந்து நின்று நம்மை எள்ளும்.

இனி நூல்வழி வந்த பிழைகளைப் பார்ப்போம். மகெல்லனின் கப்பல்களில் உலகைச் சுற்றி 1522இல் திரும்பிய 'விக்டோரியா' மலுக்குத் தீவுகளிலிருந்து சொர்க்கப் பறவைகளின் தோல்களைக் கொண்டுசென்றது. அலங்காரத்துக்காகப் பதப்படுத்தப்பட்ட அத்தோல்களில் கால்கள் நீக்கப்பட்டிருந்தன. எனவே அப்பறவைக்குக் காலே இல்லை, அது நிலத்தில் இறங்குவதே இல்லை என்று ஐரோப்பா நம்பியது. 1758இல் லின்னேயஸ் வைத்த இலத்தீன் பெயரே 'காலற்றது' என்று பொருள்படும். காலில்லாப் பறவையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அதே மூட்டையில் இல்லாமற்போன வேறொன்றைப் பற்றி எழுதியவர் குறைவு. அது பெண்பறவை. வணிகர்க்கு வேண்டியது ஆணின் பொன்னிறத் தூவி; பழுப்பு நிறப் பெண்ணுக்குச் சந்தையில் விலையில்லை. விலையில்லாதது கப்பலேறவில்லை, கப்பலேறாதது ஏடேறவில்லை. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1857இல் ஆரு தீவுகளுக்குச் சென்று, ஆண்கள் ஒரு மரத்தில் திரண்டு தூவி விரித்தாடும் காட்சியை எழுதியபின்னரே, அந்தத் தூவி எதற்கென்னும் வினா உயிர்பெற்றது. டார்வின் 1871இல் வெளியிட்ட நூலில் பெண்ணின் தேர்வே ஆணின் அழகை வளர்த்தது என்றார். வாலஸோ அடைகாக்கும் பெண்ணின் மங்கிய நிறம் பகைக்குத் தப்பும் வழி என்பதை வற்புறுத்தினார். இருவரும் நண்பர்கள், இதில் மட்டும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அக்காலத்தில் பால் அறியும் முறை எளியது, கொடியது. பறவையைச் சுட்டு வீழ்த்துவது, வயிற்றைக் கீறி விதைப்பையா சூற்பையா என்று காண்பது, காலில் கட்டிய சீட்டில் செவ்வாய்க் கோளின் குறியையோ வெள்ளிக் கோளின் குறியையோ எழுதுவது. சென்னைப் படையில் மருத்துவராயிருந்து, பறவைகளுக்குத் தமிழ்ப் பெயர்களையும் கேட்டு எழுதிவைத்த ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட 'இந்தியப் பறவைகள்' முதலான பெருநூல்களெல்லாம் இவ்வாறு சேர்ந்த தோல்களின்மேல் எழுந்தவையே. அவற்றை இகழ்வதற்கில்லை. ஆயினும் வயிற்றைக் கீறாமல் தோலை மட்டும் வாங்கிய இடங்களில், சீட்டு இல்லாத இடங்களில், என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு கிளியின் கதை சான்று.

நியூகினியிலும் அதைச் சூழ்ந்த தீவுகளிலும் வாழும் எக்லெக்டஸ் என்னும் பெருங்கிளிகளில் சில பளபளக்கும் பச்சை நிறமும் பொன்மஞ்சள் அலகும் உடையவை. சில செஞ்சிவப்பு உடலும், நீலமோ ஊதாவோ பூசிய மார்பும், கரிய அலகும் கொண்டவை. இவ்வினத்திற்கு 1776இலேயே இலத்தீன் பெயர் வழங்கப்பட்டது. ஆனால் பச்சைக் கிளி ஓரினம், சிவப்புக் கிளி வேறோரினம் என்றே ஏறத்தாழ நூறாண்டு எழுதிவந்தார்கள். ஒரே காட்டில், ஒரே மரத்தில் இரண்டும் இருப்பதை யாரும் வியக்கவில்லை. 1873இல் நியூகினியில் பயணம் செய்த அடோல்ஃப் பெர்ன்ஹார்ட் மேயர் தாம் சேர்த்தவற்றைக் கூர்ந்து நோக்கினார். பச்சை எல்லாம் ஆண், சிவப்பு எல்லாம் பெண்! 1874இல் அவர் இதை அறிவித்தபோது அறிஞர்கள் எளிதில் ஒப்பவில்லை. ஒப்பாமைக்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. ஆண் ஒளிரும், பெண் மங்கும் என்பதல்லவா அதுவரை கண்ட விதி? இங்கே இரண்டும் ஒளிர்கின்றன; அதிலும் பெண்ணே தீயாக எரிகிறது.

ஏன் என்ற வினாவுக்கு விடை கிடைக்க இன்னும் நூற்று முப்பது ஆண்டு சென்றது. ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள கேப் யார்க் மழைக்காட்டில் ராபர்ட் ஹெய்ன்சோனும் உடனுழைத்தோரும் ஆண்டுக்கணக்காக உயர்ந்த மரங்களில் கயிறு கட்டி ஏறி இக்கிளிகளை ஆராய்ந்து, 2005இல் முடிவை வெளியிட்டனர். அக்காட்டில் கூட்டுக்குத் தகுந்த மரப்பொந்து மிக அரிது. பொந்தைக் கைக்கொண்ட பெண் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட்டு அகல்வதில்லை. அதன் சிவப்பு, தொலைவிலிருந்து வரும் பிற பெண்களுக்கு 'இங்கு ஆள் இருக்கிறது' என்னும் அறிவிப்பு. ஆபத்து வந்தால் பொந்தின் இருட்டுக்குள் அது ஒடுங்கிவிடும். ஆணோ அப்பெண்ணுக்கும் குஞ்சுக்கும் உணவு தேடி நெடுந்தொலைவு அலைவது. வல்லூறுகளின் கண்ணுக்குத் தப்ப அதற்கு இலையின் பச்சை வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்கள் உணவூட்டுவதும் உண்டு. குஞ்சுப் பருவத்திலேயே மென்தூவியின் நிறம்கொண்டு ஆண் எது, பெண் எது என்று தாய்க்குத் தெரியும். மழைநீர் புகும் மோசமான பொந்தில், தாய் சிலவேளை ஆண்குஞ்சைக் கொன்றுவிடுவதும் பின்னர் அறியப்பட்டது. அருங்காட்சியகப் பெட்டியில் நூறாண்டு கிடந்த தோல் இதில் ஒரு சொல்லையும் சொல்லியிருக்கவில்லை.

இனி, அன்றைய கூட்டத்தில் நான் பேசாதிருந்த காரணத்துக்கு வருகிறேன்.

1997இல், மாசி மாதத்தில், ஆனைமலைக் காட்டில் முதன்முறையாக இருவாச்சியைக் கண்டேன். முதலில் கேட்டதுதான், நீராவிப் புகைவண்டி மூச்சுவிடுவதுபோலச் சிறகோசை. பின்னர் ஒரு பெருமரத்தின் தண்டை ஒட்டி அது நெடுநேரம் தனித்திருந்தது. தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தது, மரத்தை அலகால் தொட்டது, பறந்து போயிற்று, மீண்டும் அதே இடத்துக்கு வந்தது. ஊர் திரும்பி ஒரு கவிதை எழுதினேன். வாராத தலைவனுக்காக மரத்தைத் தொட்டுத் தொட்டு மாழ்கும் தலைவியாக அப்பறவையைப் பாடியிருந்தேன். சிற்றிதழொன்றில் வந்தது. நம் அன்பர்கள் சிலர் இன்றும் அதை எடுத்துச் சொல்வதுண்டு.

2012இல் மீண்டும் அங்கே சென்றபோது உடன்வந்தவர் காடர் குடியைச் சேர்ந்த முதியவர். அத்திமரத்தில் இருந்த இருவாச்சியைக் காட்டி, இது ஆணா பெண்ணா என்று கேட்டேன். என் கையில் இருநோக்கி இருந்தது. அவரிடம் ஒன்றும் இல்லை. "கண்ணைப் பாருங்க சார். செவப்பா இருந்தா ஆணு. வெள்ளையா இருந்தா பொண்ணு" என்றார். நோக்கினேன். விழி செங்கல் போலச் சிவந்திருந்தது. சற்று நேரத்தில் வந்து அமர்ந்த மற்றொன்று சற்றே சிறியது. அதன் விழி பால்வெள்ளை, விழியைச் சுற்றிய தோல் சிவப்பு. ஆணுக்கு அத்தோல் கறுப்பு. அலகின்மேல் அமர்ந்த கொண்டையின் முன்னும் பின்னும் கரிய தீற்றலும் உண்டு. வேறுபாடு இவ்வளவே. இறகு முழுதும் ஒன்று. பொன்மஞ்சள் கழுத்தும் ஒன்று.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். பறவையைத் தோலுரித்துப் பாடம் செய்யும்போது கண் எடுத்தெறியப்படும். அந்தக் குழியில் பஞ்சு வைத்து அடைப்பார்கள். உயிரோடிருக்கையில் ஆணையும் பெண்ணையும் பிரித்த அடையாளம் துப்பாக்கிக்காரனின் கைக்கு வந்த அன்றே அழிந்துபோகும். விழியின் நிறத்தை அன்றைக்கே சீட்டில் எழுதினால் உண்டு, இல்லையேல் இல்லை. அந்த முதியவருக்குச் சீட்டு வேண்டியிருக்கவில்லை.

அவரிடம் என் பழைய காட்சியைச் சொன்னேன். எந்த மாதம் என்று கேட்டார். மாசி என்றேன். மரத்தில் என்ன செய்தது என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். "அப்ப அது ஆணு தான் சார். பொண்ணு உள்ள இருந்திருக்கும்" என்றார்.

நூல்களில் படித்திருந்தேன், என் கவிதையோடு சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். தை மாசியில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் உணவின் எச்சங்களையும் குழைத்து வாயிலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். உள்ளே முட்டையிட்டு அடைகாக்கும். சிறகிறகுகளையும் உதிர்த்துப் புதிது முளைக்கவிடும். மூன்று நான்கு மாதம் இச்சிறை. அதுவரை ஆண் தொண்டையில் அத்திப்பழங்களை நிறைத்து வந்து, தண்டில் தொற்றி, ஒவ்வொன்றாகக் கக்கி அக்கீற்றின் வழியே ஊட்டும். 1990களின் தொடக்கத்தில் ரகுபதி கண்ணன் ஆனைமலையில் கூடுகளின் எதிரே நாள்கணக்காக அமர்ந்து இவ்வாழ்வைப் பதிந்தார். கூடுகளைத் தேடிக் காண்பதில் அவருக்குக் காடர்கள் துணைநின்றனர். தாமோதரனாரின் சேவற்குருவி இங்கே பேருருக்கொண்டு நிற்கிறது.

ஆகவே அந்த மாதங்களில் காட்டில் தனியே காணப்படும் இருவாச்சி பெரும்பாலும் ஆண்தான். அதைச் சுட்டால் வீழ்வது ஒன்றன்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண்ணும் குஞ்சும் உணவின்றி வாடும். ஒருகாலத்தில் குஞ்சுக்காகப் பொந்தேறிய வழக்கம் மலைக்குடிகளிடையே இருந்தது. 2000க்குப் பின், கேரளத்து வாழச்சால் காடுகளில் அதே காடர்கள் கூடுகளைக் கணக்கெடுத்துக் காக்கும் பணியில் இறங்கினார்கள். ஆண் எது என்று அறிந்தவனுக்கே, பழம் சுமந்து செல்லும் அதன் வழியைப் பின்பற்றிக் கூட்டைக் கண்டுகொள்ள முடியும். அவ்வறிவு முன்பு பொந்தேறவும் உதவியது, இன்று காக்கவும் உதவுகிறது.

இதற்கிடையே அறிவியல் வேறு திசையிலும் சென்றுவிட்டது. 1998 முதல் ஓர் இறகின் அடியிலிருந்தோ ஒரு துளிக் குருதியிலிருந்தோ மரபணுவைக் கொண்டு பெரும்பாலான பறவைகளின் பாலைச் சொல்லிவிட முடிகிறது, கத்தி தேவையில்லை. 2005இல் மூயர் ஈட்டன் என்பவர் நம் கண்ணுக்கு ஆணும் பெண்ணும் ஒன்றாகத் தோன்றும் 139 பறவையினங்களை அளந்து, பறவையின் பார்வையில் அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை வேறுவேறு நிறத்தன என்று காட்டினார். புறவூதா ஒளியும் பறவைக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ஒன்றே என்று நாம் எழுதிவைத்தது நம் கண்ணின் குறைபாட்டைத்தான்.

குயில் வழக்கில் 'அவள்' என்ற அன்பருக்கும் ஓர் ஆறுதல் உண்டு. பாடுவது ஆண், கேட்பது பெண் என்பதும் பெரிதும் குளிர்நாட்டுப் பறவைகளைக் கேட்டு எழுதிய விதி. 2014இல் உலகளாவிய நிலையில் பாடும் பறவைகளை ஆராய்ந்தபோது, தரவு கிடைத்த இனங்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவற்றில் பெண்ணும் பாடுவது தெரியவந்தது. அவ்வினங்களின் மூதாதையரிலும் பெண் பாடியிருக்க வேண்டும் என்று முடிவு கூறினர். வெப்பமண்டலக் காடுகளில் ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும் இணைப்பாடல் இயல்பான ஒன்று. குயில் அந்தப் பாடும் பறவைக் குலத்தைச் சேர்ந்ததன்று. ஆகவே அன்று எதிர்த்துப் பேசியவர் கூறியதும் சரியே.

இம்மலருக்காக, இருவாச்சி பற்றிய அந்தக் கவிதையை மறுபதிப்பாகத் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டார்கள். எடுத்துத் திருத்திப் பார்த்தேன். 'அவள்' என்பதை மாற்றினால் 'வாராத தலைவன்' நிற்கவில்லை. அதை எடுத்தால் கவிதையே நிற்கவில்லை. அந்த மரத்தில் வாராதிருந்தவர் யாருமில்லை. வந்துகொண்டே இருந்தவனைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவள் என் கண்ணெதிரே, மூன்று விரற்கடை மண்ணுக்கு அப்பால், இருட்டில் இருந்திருக்கிறாள். எனவே கவிதைக்கு ஈடாக இக்கட்டுரையைக் கொடுத்தேன்.